ஹாலோவீனுக்குப் பிள்ளைகளை வீடு வீடாகக் காரில் கூட்டிப் போகலாமா?

மீனா, ஓஹையோ

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஓடும் சண்டை இது. ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ட்ரிக் ஆர் ட்ரீட்டுக்கு, எங்கள் ஊரில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை என்று நேரம் அறிவித்துவிட்டார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. எங்கள் பகுதியில் ஒவ்வொரு வீடும் ஒரு ஏக்கர் மனையில் தள்ளித் தள்ளி நிற்கிறது. நடைபாதை கிடையாது. தெருவிளக்கு முனையில் மட்டும்தான். போன வருடம் நடந்தே போனோம், சின்னவள் பாதி வழியில் கால் வலிக்கிறது, தூக்கிக்கொள் என்று உட்கார்ந்துவிட்டாள். இந்த வருடம் மினிவேனில் வீட்டுக்கு வீடு நிறுத்துவோம், பிள்ளைகள் இறங்கி வாங்கிக்கொண்டு ஏறட்டும் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்லவும் வரவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

சரவணன், நியூ ஜெர்சி

காரை வீட்டிலேயே விடுங்கள் மீனா. உங்கள் மனசு சொல்வதுதான் சரி.

அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை நடந்த சாலை மரணங்களை வைத்து கனடா ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. ஹாலோவீன் அன்று மாலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரை வண்டி மோதி இறந்த பாதசாரிகளை எண்ணி, ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் அதே நேரத்தில் இறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 42 ஹாலோவீன்களில் 608 பேர். மற்ற 84 மாலைகளில் 851 பேர். அதாவது ஒரு மாலைக்கு 43 சதவீதம் அதிகம். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் பார்த்தால் பத்து மடங்கு. உங்கள் சின்னவள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள்.

தெருவெல்லாம் பிள்ளைகள் ஓடுகிற அந்த ஒரு சாயங்காலத்தில் இன்னொரு மினிவேனை இறக்காதீர்கள். கால் வலித்தால் திரும்பிவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து வீடு தாராளம்.

தேவி, மினசோட்டா

சரவணன் அண்ணா, அதே ஆய்வைப் படித்து எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. அந்த 608 பேரும் நடந்து போனவர்கள். காருக்குள் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. அப்படியென்றால் நடைபாதையே இல்லாத தெருவில், இருட்டில், ஐந்து வயதுப் பிள்ளையை நடக்க வைப்பதுதானே ஆபத்து? மீனாவின் கணவர் சொல்வதில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

இங்கே குளிர் வேறு. 1991 ஹாலோவீன் அன்று தொடங்கிய பனிப்புயலில் மினியாபொலிஸில் 28 அங்குலம் கொட்டியது. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள். சாதாரண வருடத்திலேயே இளவரசி கவுனுக்கு மேல் ஸ்னோ ஜாக்கெட் மாட்டித்தான் அனுப்புகிறோம். நாலு வீடு போய்விட்டு, வண்டிக்குள் ஹீட்டரில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, மறுபடி நாலு வீடு போனால் என்ன குறைந்துவிடும்? கொலுவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, சுண்டல் வாங்க, வீடு வீடாகக் காரில்தானே கூட்டிப் போகிறோம்? அப்போது யாரும் இப்படிக் கேட்பதில்லையே.

சரவணன், நியூ ஜெர்சி

தேவி, நடந்து போனவர்களைக் கொன்றது நடை இல்லை, கார். உங்கள் பிள்ளை காருக்குள் பத்திரமாக இருக்கும். அந்தக் காருக்கு முன்னால் ஓடுகிற அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? கொலுவுக்குப் போனால் ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாடிவிட்டு வருகிறோம். அன்றைக்குத் தெருவில் ஊர்ப்பிள்ளைகள் இருட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதில்லை.

எங்கள் தெருவில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய எஸ்யூவி, நாலு இண்டிகேட்டரும் மின்ன, வீட்டுக்கு வீடு நின்று நின்று வந்தது. வலது பக்கம் கதவு திறந்து இரண்டு பிள்ளைகள் குதித்து நேரே வாசலுக்குப் போனார்கள். மூன்றாவது பையனுக்கு எதிர் வீட்டில் காற்று ஊதி நிறுத்தியிருந்த பெரிய பூதம் கண்ணில் பட்டுவிட்டது. கறுப்பு அங்கி, முகமூடியில் பட்டாணி அளவுக்கு இரண்டு ஓட்டை. வண்டியின் முன்பக்கத்தை ஒட்டியபடியே சுற்றி ஓடினான். பானெட் அவன் தலை உயரத்துக்கு இருந்தது, ஓட்டியவருக்கு அவன் அங்கே இருப்பதே தெரிந்திருக்காது. பின்னால் வந்த கார்க்காரர், இந்த வண்டி நின்றுவிட்டது என்று நினைத்து இடது பக்கமாக ஏறி முந்தினார். பிரேக் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கை நீளம்தான் மிச்சம் இருந்தது.

இங்கே யாரும் வேகமாக ஓட்டவில்லை, குடித்துவிட்டு ஓட்டவில்லை. நின்று நின்று நகர்கிற வண்டிதான் ஆபத்தே. முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முன்பக்கம் உள்ள காரைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வுக் கழகம் 2023இல் சொன்னது. அது பொதுவாக எல்லாப் பாதசாரிகளுக்கும். மூன்றடிப் பிள்ளைக்கு யோசித்துக்கொள்ளுங்கள்.

தேவி, மினசோட்டா

நீங்கள் பார்த்தது உண்மைதான், படிக்கவே பதறுகிறது. ஆனால் அந்த ஆய்வின் எண்களில், மோதியது பிள்ளையைக் கூட்டி வந்த அப்பா ஓட்டிய காரா, வேலை முடிந்து வீடு திரும்பியவர் காரா என்று பிரித்துக் காட்டவில்லை. எல்லாப் பழியையும் பெற்றோர் தலையில் போடாதீர்கள். மாலை ஆறு மணி என்பது ஆபீஸ் முடிந்து வருகிற நேரம். அந்தக் கார்கள் எப்படியும் தெருவில் இருக்கும்.

சரவணன், நியூ ஜெர்சி

அவை எப்படியும் இருக்கும் என்பதால்தான் நாம் கூட்ட வேண்டாம் என்கிறேன்.

வேலு, டெக்சாஸ்

இரண்டு பேரும் தெரு என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பிலேயே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் கவுண்டி சாலைதான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை மைல். லாரியும் பிக்கப்பும் அறுபது மைல் வேகத்தில் போகிற சாலையின் ஓரத்தில், புல்லில், பிள்ளையை நடத்திக் கூட்டிப் போகச் சொல்கிறீர்களா? இங்கே யார் வீட்டில் மிட்டாய் உண்டு என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொள்வோம். கேட்டில் விளக்கு எரிந்தால் வண்டி உள்ளே போகும், சரளைக்கல் பாதையில் வாசல்படி வரை. பிள்ளைகள் அங்கே இறங்கி, அங்கேயே ஏறுவார்கள். அந்த வீட்டுப் பாட்டி எங்களுக்குக் காபி கூடக் கொடுப்பார்கள். கார் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு ஹாலோவீனே கிடையாது.

மூர்த்தி, இல்லினாய்

நான் மிட்டாய் கொடுக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், நானும் மனைவியும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோம். எங்கள் தெருவில் வீடுகள் நெருக்கம், அலங்காரமும் அதிகம். அதனால் எங்கெங்கிருந்தோ வேன் வேனாக வருகிறார்கள். வரிசையாக இன்ஜினை ஓட விட்டு நிற்கிறார்கள், புகை நேரே முகத்துக்கு வருகிறது. ஏழரைக்குள் மிட்டாய் தீர்ந்து, எங்கள் தெருப் பிள்ளைகள் வரும்போது கையை விரிக்க வேண்டியிருக்கிறது. அவரவர் பேட்டையிலேயே நடந்து போனால் என்ன? முன்பின் தெரியாத வீட்டில் வாங்கிய மிட்டாயை எப்படி நம்பிக் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

ஷாலினி, கலிபோர்னியா

மூர்த்தி சார், தப்பாக நினைக்காதீர்கள், இது எனக்கு வலிக்கிற விஷயம். நாங்கள் இருப்பது அபார்ட்மெண்ட் வளாகத்தில். மூன்று மாடி, வெளிக்கதவைத் திறக்க ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். வாசல் விளக்கை எரியவிட்டால் வா என்று அர்த்தம், அணைத்தால் வராதே என்று அர்த்தம் என்பது இந்த ஊர் வழக்கம். எங்களுக்கு வாசலும் இல்லை, அந்த விளக்கும் இல்லை. வளாகத்தை ஒட்டி ஆறு தடச் சாலை. இங்கே இருக்கிற பிள்ளைகள் எங்கே போவார்கள்?

2014இல் ஸ்லேட் இதழின் ஆலோசனைப் பகுதிக்கு ஒருவர் இதையே எழுதிக் கேட்டிருந்தார். பணக்காரப் பகுதியில் இருக்கிறேன், வசதி குறைந்த இடங்களிலிருந்து பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து இறக்குகிறார்கள், இவர்களுக்கும் நான் கொடுக்க வேண்டுமா என்று. கஞ்சத்தனத்தை விட்டுவிட்டு காஸ்ட்கோ மொத்த விற்பனைக் கடைக்குப் போய் எல்லாருக்கும் போதுமான மிட்டாய் வாங்குங்கள் என்று பதில் வந்தது. வருடத்தில் ஒரு நாள் ஒரு பிள்ளை உங்கள் வாசலில் நின்று கை நீட்டுகிறது. அதன் வீடு எந்தத் தெருவில் என்று கேட்க எனக்கு மனம் வராது.

விஷ மிட்டாய் பயம் வேண்டாம். டெலவேர் பல்கலைக்கழகத்தின் ஜோயல் பெஸ்ட் 1958இலிருந்து வந்த செய்திகளையெல்லாம் தேடிப் பார்த்தார். முகம் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் ஒரு பிள்ளை செத்ததாக உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் சயனைடு கலந்த மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தான். கொடுத்தவர் பெற்ற அப்பா, காப்பீட்டுப் பணத்துக்காக.

மூர்த்தி, இல்லினாய்

மிட்டாய் விஷயத்தை விடுகிறேன் அம்மா. வரக் கூடாது என்றும் சொல்லவில்லை. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். இன்ஜினை அணையுங்கள். இது ஒரு பெரிய வேண்டுகோளா?

ஷாலினி, கலிபோர்னியா

இல்லை சார். நாங்கள் அப்படித்தான் போகிறோம். பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடப்போம்.

ரம்யா, வாஷிங்டன்

என் மகனுக்குத் தசை பலவீனம், சக்கர நாற்காலியில் போகிறான். சாய்தளம் வைத்த வேன் எங்களுடையது. நடைபாதை பாதியில் அறுந்து போகிற தெருக்களில் நாற்காலியை ரோட்டில் இறக்கித்தான் தள்ள வேண்டும், அது நடப்பவர்களுக்கு இருக்கிற ஆபத்தைவிடப் பெரிது, நாற்காலி தாழ்வாக இருப்பதால் ஓட்டுபவர் கண்ணில் படாது. அதனால் நாலைந்து வீட்டுக்கு ஒருமுறை நிறுத்தி இறக்குகிறோம். பெரும்பாலான வாசல்களில் நாலு படி இருக்கும், அவன் கீழேயே இருப்பான், வீட்டுக்காரர் கிண்ணத்தோடு இறங்கி வருவார். அது நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் நிற்கிற பெற்றோர் முறைத்துக்கொண்டு, "சோம்பேறிகள், இதற்குக்கூடக் காரா" என்று காதில் விழும்படி பேசுவதுதான் தாங்க முடியவில்லை. சாய்தளம் இறங்கும் வரை அவர்களுக்குத் தெரியாது. காரில் வருகிறவர்கள் எல்லாரும் தப்பு என்று இங்கே எழுதும்போது இதையும் மனதில் வையுங்கள்.

சரவணன், நியூ ஜெர்சி

ரம்யா, உங்கள் வேனை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வேலுவின் ஊரிலும் கார்தான் வழி. நான் பேசுவது நடக்கக்கூடிய பிள்ளைகளை, நடக்கக்கூடிய தெருவில், சிரமப்பட வேண்டாம் என்று வண்டியில் ஏற்றுவதைப் பற்றி.

மீனா, ஓஹையோ

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி. வீட்டுக்கு வீடு பெல்ட் போட்டுக் கழற்ற முடியாது, நடக்கிற வேகத்தில்தானே போகிறோம், சும்மா உட்காரட்டும் என்கிறார் கணவர். கதவையும் திறந்தே வைக்கலாமாம்.

தேவி, மினசோட்டா

கூடவே கூடாது மீனா. காரில் போகலாம் என்று சொல்கிறவள் நான், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்னால் யாராவது லேசாக முட்டினாலே திறந்த கதவு வழியாகப் பிள்ளை வெளியே விழும். பஞ்சு அடைத்த டைனோசர் உடுப்பின் மேல் கார் சீட் பெல்ட்டை மாட்டினாலும் அது பிடிக்காது, இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதும்போது பஞ்சு அமுங்கிப் பெல்ட் தொளதொளத்துவிடும். உடுப்பைக் கழற்றி, பெல்ட்டை மாட்டி, பிறகு வண்டியை நகர்த்துங்கள். அதற்குப் பொறுமை இல்லை என்றால் நடந்து போங்கள்.

நாங்கள் செய்வதையும் சொல்கிறேன். தெருவின் வலது பக்க வீடுகளை மட்டும் முதலில் முடிப்போம். பிள்ளைகள் சாலையைக் கடக்கவே வேண்டாம். பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு இறங்கி நடப்பார், ஒருவர் வண்டியில். கடைசியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறு பக்கம்.

சரவணன், நியூ ஜெர்சி

திருப்புகிற இடத்தில்தான் எனக்குப் பயம். யாராவது ஒருவர் வீட்டின் டிரைவ்வேயில், அதாவது வாசலுக்குப் போகும் கார்ப் பாதையில், நுழைந்து ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அதே டிரைவ்வேயில் பிள்ளைகள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். கேமரா இருந்தாலும் இருட்டில், மழைத்துளி ஒட்டிய லென்ஸில், கறுப்பு அங்கி போட்ட பிள்ளை தெரியாது. இதைவிட நேரத்தை முன்னால் தள்ளலாம். 2007இலிருந்து, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவது ஹாலோவீனுக்குப் பிறகு, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் போய்விட்டதால், முன்பைவிட மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வெளிச்சம் கிடைக்கிறது. ஓஹையோவில் ஆறரை வரைக்கும் பார்வை தெரியும். மீனா, ஆறு மணி அடித்ததும் கிளம்புங்கள், முதல் அரை மணி நேரத்தில் சின்னவளுக்கு வேண்டிய வீடுகள் முடிந்துவிடும். பெரியவனோடு உங்கள் கணவர் தனியாகத் தொடரட்டும்.

தேவி, மினசோட்டா

மழை பெய்தால்?

சரவணன், நியூ ஜெர்சி

குடையோடு ஐந்து வீடு. மழையில் ஓட்டுபவருக்கும் கண்ணாடி மங்கும், அன்றைக்குத்தான் காரை இன்னும் தொடக் கூடாது.

தேவி, மினசோட்டா

மழையில் ஐந்து வயதுப் பிள்ளையை நனைய விட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா. வண்டியை எடுப்பேன்.

மீனா, ஓஹையோ

எங்கள் தெரு முட்டுச்சந்தில் முடிகிறது, கோடியில் வட்டமாகச் சுற்றித் திரும்ப இடம் இருக்கிறது, ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்லை. ஆறு மணிக்கே நடந்து கிளம்பி, வேனைக் கோடியில் நிறுத்தி வைத்து, சின்னவள் அங்கே வரை நடந்தால் திரும்பி வருவதற்கு மட்டும் ஏற்றிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்கப் போகிறேன். இப்போது ஏன் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது. சரவணன் சொன்ன அந்தப் பையன் கதையை முதலில் படித்துக் காட்டுகிறேன்.