அப்பாவின் பிரஷர்: உப்பைக் குறைக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு வயது 58. போன வாரம் பார்த்ததில் பிரஷர் 146/92. டாக்டர் இப்போதைக்கு மாத்திரை தரவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்யுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

நடைக்குப் பிரச்சினை இல்லை, தினமும் அரை மணி நேரம் போகிறார். (திரும்பும் வழியில் வடைக் கடை இருப்பது வேறு கதை.) உப்புதான் பெரிய தலைவலி. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. அப்படியென்றால் நான்கு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வரவேண்டும். எங்கள் வீட்டில் மாதம் முடியுமுன்னே காலி! ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாட்டில் இருப்பது தனிக் கணக்கு. மோர்சாதத்துக்கு நார்த்தங்காய் இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்.

இந்துப்பு வாங்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதனால் வேண்டாம் என்றிருக்கிறேன். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்ப்பார்களாம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்து. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் அதைத் தொடுவதாக இல்லை.

குழம்பில் உப்பைக் குறைத்தும் வீட்டில் எல்லாரும் சாப்பிடும்படி சமைப்பவர்கள் இருக்கிறீர்களா? புளி, எலுமிச்சை, மிளகு எதைக் கூட்டினீர்கள்? நார்த்தங்காய்க்குப் பதிலாக மோர்சாதத்துக்கு என்ன வைக்கலாம்?