ஈர்ப்பலை கடல் அலை மாதிரியா?

முட்டம் டீச்சர்:
வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நேற்று ஒருத்தி, "ஈர்ப்பலை நம்ம கடல் அலை மாதிரியா டீச்சர்? அப்போ ஏன் நமக்குத் தெரியவில்லை?" என்று கேட்டாள். ஐன்ஸ்டீன் 1916இல் சொன்னார் என்பதைத் தாண்டி என்னால் விளக்க முடியவில்லை. உதவுங்கள்.

தக்கலை இயற்பியல்:
அருமையான கேள்வி டீச்சர். கடலில் தண்ணீர் அசைகிறது. ஈர்ப்பலையில் விண்வெளி என்கிற இடமே நீண்டு சுருங்குகிறது. 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் (ஒளியைக்கூட வெளியே விடாத அளவு ஈர்ப்பு உள்ளவை) மோதி இணைந்தன. மூன்று சூரியன்களின் நிறை அப்படியே அலையாகிப் போனது! அந்த அலை 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையைப் பிடிக்கும் அமெரிக்காவின் இரண்டு லைகோ கருவிகளில் பதிவானது. லிவிங்ஸ்டன் ஊரில் இருக்கும் கருவியில் முதலில், சுமார் 7 மில்லிநொடி கழித்து ஹான்ஃபோர்டில் இருப்பதில். கருவியின் கை எனப்படும் 4 கிலோமீட்டர் நீளக் குழாயின் நீளத்தில் வந்த மாற்றம், அணுவுக்குள் இருக்கும் ஒரு புரோட்டானின் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

குளச்சல் வலைக்காரன்:
என் தாத்தா இருட்டில் பாறையில் அலை மோதும் சத்தத்தை வைத்தே கரையைக் கண்டுபிடிப்பார். இதுவும் அப்படித்தான் டீச்சர். இருட்டான கருந்துளைகளின் மோதலை எந்தத் தொலைநோக்கி பார்த்திருக்கும்? அப்புறம் 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்த்தியான உருண்டைகள்) மோதியபோது அலையும் கிடைத்தது, ஒளியும் கிடைத்தது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் அங்கே உருவாகின்றன என்பதற்குச் சான்றும் கிடைத்தது.

முட்டம் டீச்சர்:
தாத்தா கதையைச் சொல்லியே நாளைக்குத் தொடங்குகிறேன். இரண்டு கருவி எதற்கு என்று கட்டாயம் கேட்பாள், அதையும் சொல்லிவிடுங்கள் சார்.

தக்கலை இயற்பியல்:
பக்கத்தில் லாரி போனாலும் கருவி ஆடும் டீச்சர். 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டும் ஒரே மாதிரி ஆடினால் அது லாரி இல்லை.