நியூசிலாந்தில் ஷூட்டிங் நடந்த இடங்களைத் தேடிப் போன நம்மூர்க்காரர்கள் இருக்கிறீர்களா?

காட்பாடி ஜங்ஷன்:
'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பார்த்தவர்களுக்கு எடோராஸ் தெரியும், குன்றின் மேல் ராஜாவின் மண்டபம் நிற்கிற ஊர். அந்தக் குன்றின் பெயர் மவுண்ட் சண்டே. கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக் கார் எடுத்து, மவுண்ட் சோமர்ஸ் தாண்டி, ஜல்லிச் சாலையில் தனியாகப் போனேன். செட் போட மட்டும் 11 மாதம் ஆனதாம். படம் முடிந்ததும் ஒரு பலகைகூட விடாமல் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். இது தெரிந்துதான் போனேன். ஆனாலும் மேலே ஏறி நின்றதும் கண் அந்த மண்டபத்தைத் தேடுகிறது. கீழே ரங்கிட்டாட்டா ஆறு நம்ம பாலாறு மாதிரி அகலம், ஒரே வித்தியாசம், தண்ணீர் இருக்கிறது.

காற்று ஆளைத் தள்ளியது. நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்தேன், கையில் ஏதோ குத்தியது. துருப்பிடித்த ஆணி, விரல் நீளம். யோசிக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நாலு வருடமாக டிராயரில் கிடக்கிறது. செட் ஆணியா, வெறும் வேலி ஆணியா? எடுத்து வந்தது தப்போ என்றும் அவ்வப்போது உறுத்துகிறது.

ஆம்பூர் லெதர்:
வேலி ஆணிதான் தம்பி. அந்தப் பக்கம் முழுக்க ஆட்டுப் பண்ணை. பலகை விடாமல் பொறுக்கினவன் ஆணியை மட்டும் உனக்காக விட்டுவைத்தானா? போட்டோ போடு, பார்த்துச் சொல்கிறேன். ஷூ கம்பெனியில் 18 வருடம் ஆணியும் தோலும்தான் என் பிழைப்பு.

நான் போனது ஹாபிட்டன், அதே படத்தில் ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்கள் வாழ்கிற ஊர். இருப்பது மாட்டமாட்டா ஊர் பக்கம். 1998-ல் வானத்திலிருந்து தேடிப் பிடித்த பண்ணையாம். முதல் செட் தற்காலிகமானது. 2009-ல் ஆரம்பித்துத் திரும்ப நிலையாகக் கட்டினார்கள். மொத்தம் 44 ஹாபிட் வீட்டு வாசல். சொந்தமாகச் சுற்ற விடமாட்டார்கள், பஸ்ஸில் ஏற்றி கைடோடுதான். ஒரு வட்டக் கதவு திறந்திருந்தது, ஆசையாகத் தலையை விட்டேன். ஒரு ஆள் நிற்க இடம், அதோடு சரி. வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளை எல்லாம் வெலிங்டன் ஸ்டூடியோவில் எடுத்திருக்கிறார்கள். (2023 கடைசியிலிருந்து ஒரு வரிசை வீடுகளுக்குள் போகலாம் என்றாகிவிட்டது. நான் அதற்கு முன்னாலேயே போய்த் தொலைத்தேன்.)

வெளியே வந்தால் கொடியில் குட்டிக் குட்டித் துணி காய்கிறது, தோட்டத்தில் காய்கறி நிஜமாகவே விளைந்திருக்கிறது. ஏதோ குறைகிறதே என்று பார்த்தால், எந்த வாசலிலும் ஒரு ஜோடி செருப்பு இல்லை. அப்புறம்தான் உறைத்தது, ஹாபிட்டுகள் காலில் எதுவும் போடுகிற சாதி இல்லையே. ஆம்பூரிலிருந்து அத்தனை காசு செலவழித்து, செருப்பே வாங்காதவன் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன்!

குடியாத்தம் குமார்:
அண்ணே, பில்போ என்கிற ஹாபிட்டின் வீட்டுக்கு மேலே நிற்கிற ஓக் மரத்தை விட்டுவிட்டீர்களே. அதுவும் போலிதான், இலையெல்லாம் தைவானிலிருந்து வந்தவை. ஆனால் காட்பாடி நண்பரின் ஆணியை நீங்கள் இவ்வளவு கறாராகத் தள்ளுபடி செய்திருக்க வேண்டாம்.

என்னுடையது வெலிங்டன், மவுண்ட் விக்டோரியா. ஊருக்குள்ளேயே இருக்கிற மலை, நடந்தே ஏறலாம். கறுப்புக் குதிரைக்காரன் வரும்போது நாலு ஹாபிட்டும் வேருக்குக் கீழே ஒளிவார்களே, அந்த இடம். அந்தப் பெரிய மரமும் இப்போது இல்லை, பைன் காட்டில் ஒரு சரிவு, அவ்வளவுதான். நான் போனபோது முன்பின் தெரியாத மூன்று பேர் அந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். போட்டோவுக்கு. என்னைப் பார்த்ததும் ஒருவர் பக்கத்தில் மண்ணைத் தட்டி, 'வா, நாலாவது ஆள் இல்லை' என்று கூப்பிட்டார். நான் சிரித்துவிட்டு, 'பரவாயில்லை, நான் எடுத்துத் தருகிறேன்' என்று போனை வாங்கிக்கொண்டேன். மூன்று பேர் இருக்கிற அந்தப் படம் என்னிடம்கூட இல்லை. படுத்திருந்தால் சட்டை அழுக்காகியிருக்கும், வேறென்ன ஆகியிருக்கும்?

ராணிப்பேட்டை அக்கா:
எனக்கு ஏர்போர்ட்டிலேயே கதை முடிந்தது. ஜவ்வாது மலை போய்வந்த அதே ஷூவைக் கழுவாமல் எடுத்துப் போயிருந்தேன். மண், சாப்பாடு பற்றிக் கேட்கிற ஃபாரத்தில் மறைக்காமல் எழுதிவிட்டேன். அதிகாரி ஷூவைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார், உள்ளே கொண்டுபோனார், கழுவி ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார். இருபது பேர் முன்னால் சாக்ஸோடு நின்றேன். அவ்வளவுதான்.

இனிமேல் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பொடி, ஊறுகாய், முறுக்கு எதுவானாலும் எழுதிக்கொடுங்கள். மறைத்து மாட்டினால் 400 டாலர் அபராதம், அவர்கள் ஊர் டாலர். வண்டி இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் பயமில்லை. பயம் ஒற்றை வழிப் பாலத்தில்தான். போர்டில் உங்கள் பக்க அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள். நம்மூர் மாதிரி லைட்டைப் போட்டுக்கொண்டு பாயக்கூடாது. ஜல்லிச் சாலையில் போகலாமா என்று வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள், சில சாலைகளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. மவுண்ட் சண்டே பக்கம் பெட்ரோல் பங்க் இல்லை, முன்னாலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வடக்குத் தீவிலிருந்து தெற்குக்குக் கப்பலில் மூன்றரை மணி நேரம், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோடை, ஆனாலும் ஸ்வெட்டர் வேண்டும். படத்தில் மவுண்ட் டூம் என்ற எரிமலையாகக் காட்டினார்களே, அந்த நாருஹோ மலை 2291 மீட்டர். உச்சி மாவோரி மக்களுக்குப் புனிதம். ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், கீழே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். தம்பி, ஆணி எடுத்ததும் அதே கணக்குதான், எடுத்திருக்கக்கூடாது.

ஆரணி பட்டு:
பொடிக்கு யார் அக்கா டிப்ஸ் கேட்டார்கள்? ஆணி போட்டோ எங்கே?

காட்பாடி ஜங்ஷன்:
போட்டோ எடுக்கலாம் என்று இப்போதுதான் டிராயரைத் திறந்தேன். காணோம். அம்மாவிடம் கேட்டால், காலண்டர் மாட்ட ஆணி இல்லையென்று போன தையிலேயே சுவரில் அடித்துவிட்டாராம். போய்ப் பார்த்தேன், தலை மட்டும்தான் தெரிகிறது. ஆம்பூர் அண்ணே, தலையை வைத்துச் சொல்ல முடியுமா?