முதல் படத்தை ராட்டர்டாம் விழாவுக்கு அனுப்பும் முன் இணையத்தில் வெளியிடலாமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக எடுத்த எங்கள் முதல் படத்தின் படத்தொகுப்பு முடிந்துவிட்டது. ஒலிக்கலவையும் நிறத்திருத்தமும் பாக்கி. இயக்குநர் வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான புலி விருதைப் பெற்ற நாளிலிருந்து அந்த விழாவே எங்கள் மனத்தில் இருக்கிறது. கையிருப்பு கரைந்துவிட்டதால், படத்தை இப்போதே யூடியூபில் ஏற்றிவிட்டு, பிறகு விழாவுக்கு அனுப்பலாம் என்கிறார்கள் சிலர். இது சரியா?

பழைய உதவி இயக்குநர்:
தம்பி, தயவுசெய்து ஏற்ற வேண்டாம். புலி விருதுக்கான போட்டி வளரும் இயக்குநர்களுக்கானது. வெளியில் எங்கும் காட்டப்படாத படங்களையே அங்கே எதிர்பார்க்கிறார்கள். பொதுவில் ஒருமுறை ஏற்றிய படத்தைப் பிறகு நீக்கினாலும் அந்த முதல் திரையிடல் திரும்பக் கிடைக்காது. ஹூபர்ட் பால்ஸ் 1972-இல் தொடங்கிய இவ்விழா, பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத படைப்பாளிகளைத் தேடிப்பிடிப்பதையே தன் வேலையாக வைத்திருக்கிறது. 1999-இல் புலி விருது பெற்றவர்களில், அன்று பெரிதாக அறியப்படாத கிறிஸ்டோபர் நோலனும் ஒருவர். அவசரத்தில் அந்த வாசலை நீங்களே அடைத்துவிடாதீர்கள். பால்ஸின் மறைவுக்குப் பின் அவர் பெயரில் அமைந்த நிதி, ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கப் படைப்பாளிகளுக்குத் திரைக்கதை நிலையிலேயே உதவுகிறது. அடுத்த படத்தை எழுதும்போது அதையும் பாருங்கள்.

சப்டைட்டில் எழுதுபவர்:
மேலே உள்ளவர் சொன்னதை வழிமொழிகிறேன். பணம் குறைவாக இருந்தால், நிறத்திருத்தத்துக்கு முன் சப்டைட்டிலைச் சரிசெய்யுங்கள். தேர்வாளர்கள் உங்கள் படத்தை அதன் வழியாகத்தான் கேட்கிறார்கள். அண்மையில் என்னிடம் திருத்தத்துக்கு வந்த ஒரு படத்தில், நாயகி தன் கணவனை அழைக்கும் ‘மாமா’வை எல்லாக் காட்சியிலும் ‘அங்கிள்’ என்றே போட்டிருந்தார்கள். இருவரும் தம்பதி என்பதே வெளியாருக்கு விளங்காத நிலையில், அவர்களுடைய சண்டைக்கு என்ன பொருள் இருக்கும்? சில இடங்களில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டோம். அவள் குரலும் பார்வையும் மீதியைச் சொல்லிவிட்டன.

நெதர்லாந்து வாசகி:
ஜனவரிக் கடைசியில் தொடங்கும் இவ்விழாவுக்கு இயன்றபோதெல்லாம் போய்வருகிறேன். குளிர்காலக் காலைக் காட்சியிலும், இயக்குநர் யாரென்றே தெரியாத படத்துக்கு மக்கள் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை அமர்ந்திருப்பார்கள். 2025-இல் வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ அதே புலிப் போட்டியில் இடம்பெற்று ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது பெற்றது, அதுவும் அவருடைய முதல் படம். ஆகவே, தமிழ்ப் படம் என்பது அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. உங்கள் ஊர்ப் பேச்சை அவர்களுக்காக மாற்ற வேண்டாம்.

வைகைக்கரை:
மூவருக்கும் மிக்க நன்றி. யூடியூப் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். நேற்றிரவு சப்டைட்டிலை எடுத்துப் பார்த்தேன், எங்கள் படத்திலும் ஏழு இடங்களில் ‘அங்கிள்’ இருக்கிறது. முதலில் அதைத் திருத்துகிறோம். ஒலிக்கலவைக்கு இருக்கிற பணத்தில் கிராமத்துக் காட்சிகளை மட்டும் முடித்துவிட்டு, எவையெவை பாக்கி என்ற குறிப்போடு அனுப்புகிறோம்.