மறு: வெள்ளைநீர்ப் படகோட்டத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் ஆற்றில் கலம் விடுவதற்கு (whitewater rafting) ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இந்தச் சொல் எனக்கு எதற்குத் தேவை என்பதை முதல் மடலில் சரியாகச் சொல்லாமல் விட்டது என் தவறு. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் வழியாகக் கொலராடோ ஆற்றில் போவதற்குத் தேசியப் பூங்கா சேவை குலுக்கல் நடத்துகிறது. அதில் எங்கள் குழுவுக்கு அடுத்த கோடையில் ஒரு தேதி விழுந்திருக்கிறது. 16 பேர், 16 நாள். லீஸ் ஃபெரியில் இறங்கி, 226 மைல் தள்ளி டயமண்ட் கிரீக்கில் கரையேறுகிறோம். இடையில் ஆற்றங்கரைக்கு இறங்கும் சாலை ஒன்றுகூடக் கிடையாது. குழுவில் பாதிப் பேர் தமிழர்கள். என் அண்ணனும் அண்ணியும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் கையேடு எழுதுகிறேன். ஆற்றின் இரைச்சலுக்கு மேல் ஒருவர் கத்தினால் மற்றவருக்கு உடனே புரிகிற சொல்லாக இருக்க வேண்டும். நான் பார்ப்பது அதைத்தான்.

> ‘வெண்ணீர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. நேரடியாக இருக்கிறது.

எழுத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘வெந்நீர்’ என்றுதான் காதில் விழும். ஆற்றின் மேற்பக்கத்தில் உள்ள கிளென் கேன்யன் அணையை 1963-இல் அடைத்த பிறகு, அந்த ஆற்றில் வருவது நீர்த்தேக்கத்தின் ஆழத்துத் தண்ணீர். மேலே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளிலும், உள்ளே விழுந்தவருக்கு மூச்சு அடைக்கிற குளிர். பாலைவனத்துக்கு வருகிறவர் தொப்பியும் குடிநீருமாகத் தயாராக வருவார், குளிரை எதிர்பார்க்க மாட்டார். அவரிடம் வெந்நீரை நினைவூட்டும் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, மழை பெய்து பரியா, லிட்டில் கொலராடோ என்ற துணையாறுகள் வந்து கலந்தால் ஆறு முழுவதும் செம்மண் கரைசல்தான். நிறத்தை வைத்துப் பெயரிட்டால் அங்கே பெயர் நிற்காது.

என் பரிந்துரை ‘கடும்புனல்’, அதாவது வேகமாகப் பாயும் நீர். நான் ஆக்கிய சொல் இல்லை இது. 1134-ஆம் குறள் ‘காமக் கடும்புனல்’ என்று தொடங்கி, ‘நல்லாண்மை என்னும் புணை’ என்று முடிகிறது. கடும்புனல், புணை (மிதவை) இரண்டும் ஒரே குறளில்! நாம் மூன்று நாளாகத் தேடிய இரண்டு பாதியும் ஏழு சீருக்குள் இருக்கின்றன. ‘கடும்புனல் புணையோட்டம்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். சந்தி பார்ப்பவர்கள் ‘கடும்புனற் புணையோட்டம்’ என்பார்கள். எனக்கு இரண்டும் சரி.

> ‘புணை’ யாருக்குப் புரியும்? ‘பரிசல்’ என்றால் ஊரே அறியும்.

பரிசல் எனக்கும் பிடித்த சொல். ஆனால் பரிசல் என்றதும் ஒகேனக்கலில் சுற்றிச் சுற்றி மிதக்கும் வட்டக் கூடை கண்முன் வந்துவிடும். நாங்கள் எடுத்துப் போவது காற்றடைத்த நீளமான ரப்பர்க் கலம். அதன்மேல் சட்டம் கட்டி, அதில் இரண்டு தண்டுகளை மாட்டி வலிக்க வேண்டும். (இங்கே ‘துடுப்பு’ என்பதைவிடத் ‘தண்டு வலித்தல்’தான் சரி. துடுப்பைக் கையில் பிடித்துப் போடுவோம். தண்டு கலத்தோடு பிணைந்திருக்கும். இந்த வேறுபாடு தமிழில் ஏற்கெனவே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.) புணையோ, கட்டிச் சேர்த்து மிதக்கவிடும் எதற்கும் பொதுவான பெயர். புறநானூற்றின் 192-ஆம் பாட்டை எல்லோரும் முதல் வரிக்காக நினைவில் வைத்திருக்கிறோம். சில வரிகள் தள்ளி, ‘கல்பொருது இரங்கும் மல்லல் பேர்யாற்று நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்கிறார் கணியன் பூங்குன்றனார். பாறையில் மோதி இரையும் பேராறு, அதன் போக்கில் போகும் புணை. இதற்கு மேல் சான்று வேண்டுமா?

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். புனலுக்கு றன்னகரம், புணைக்கு டண்ணகரம். தட்டச்சில் ‘புனை’ என்று தவறாகப் போகும். போனால் திருத்திக்கொள்ளலாம்.

‘கடும்புனல்’ நீரின் தன்மையைச் சொல்கிறது. ஆற்றில் குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சுட்ட வேறு சொல் வேண்டும். பக்க மலையிடுக்குகளில் காட்டாற்று வெள்ளம் வரும்போது பாறைகளை உருட்டிக் கொண்டுவந்து ஆற்றில் தள்ளும். ஆறு அங்கே நெருக்குண்டு சரிந்து கொந்தளிக்கும். கிறிஸ்டல் என்ற இடம் 1966 டிசம்பரில் வந்த ஒரே வெள்ளத்தில்தான் இப்போதுள்ள முரட்டு நிலைக்கு மாறியது. இந்த இடங்களைப் ‘பாய்ச்சல்’ என்கிறேன்: கிறிஸ்டல் பாய்ச்சல், லாவா பாய்ச்சல். வயலுக்கும் பாய்ச்சல் உண்டுதான், ஆனால் இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும். பாய்ச்சல் எவ்வளவு கடுமையானது என்று தரம் குறிக்கும்போது மட்டும் கவனம் தேவை. மற்ற ஆறுகளில் 1 முதல் 6 வரை என்றால், கிராண்ட் கேன்யனில் 1 முதல் 10 வரை. ‘ஆறாம் தரம்’ என்று மொட்டையாக எழுதினால் ஒருவர் நடுநடுங்குவார், இன்னொருவர் அசட்டையாக இருப்பார்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமான சொல்.

> பாறைக்குப் பின்னால் திரும்பி ஓடும் நீருக்குச் ‘சுழி’ போதுமே.

போதாது, ஐயா. நம் ஊரில் சுழி என்றால் ஆளை விழுங்கும் இடம். ‘அங்கே சுழி இருக்கு, போகாதே’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே நிலைமை நேர்மாறு. பாய்ச்சலைத் தாண்டியதும், ஓரமாக நீர் மேல்நோக்கித் திரும்பும் இடத்தில்தான் புணையை நிறுத்துவோம். பின்னால் வரும் புணைக்குக் காத்திருப்போம். விழுந்தவரை இழுத்து ஏற்றுவோம். தண்டு வலிப்பவர் ‘சுழி!’ என்று கத்தினால் என் அண்ணி விலகத்தான் பார்ப்பார். அங்கே உள்ளே நுழைய வேண்டும். ‘எதிரோட்டம்’ பொருள் சரி, கத்துவதற்கு நீளம்.

‘ஒதுக்கு’ எப்படி இருக்கிறது? மழைக்கு ஒதுங்குகிறோம், ஒதுக்குப்புறம் என்கிறோம். பெயராக ‘ஒதுக்கு’, கொஞ்சம் விரித்தால் ‘ஒதுக்குநீர்’. ஏவலாகவும் அதுவேதான்: ‘வண்டியை ஓரமா ஒதுக்கு’ என்று தினமும் சொல்கிறோமே! இடத்தின் பெயரும் செய்ய வேண்டிய வேலையும் நாலெழுத்தில் அடங்கிவிடுகின்றன. முதன்மை ஓட்டத்துக்கும் ஒதுக்குக்கும் நடுவே நீர் உரசும் கோட்டை ‘ஒதுக்கு வரம்பு’ என்று எழுதியிருக்கிறேன். அதைக் குறுக்காகத் தயங்கிக் கடந்தால் புணை கவிழலாம், வேகமாகக் கடக்க வேண்டும்.

மற்றவை சிறியவை. பாய்ச்சலுக்கு முன் கரையில் இறங்கி நடந்து வழி பார்ப்பது ‘கரைநோட்டம்’. ஆளில்லாப் புணையைக் கயிறு பிடித்துக் கரையோரமாக இறக்குவது ‘கயிற்றிறக்கம்’. 1869-இல் இந்த ஆற்றை ஆராயப் படகில் வந்த ஜான் வெஸ்லி பவல் குழுவினர் பல பாய்ச்சல்களை இப்படித்தான் கடந்தார்கள். புணை பாறையில் பக்கவாட்டில் ஏறிச் சாயும்போது, எல்லோரும் உயர்ந்த பக்கம் பாய்ந்து எடை போட ‘மேடு!’ என்ற ஒரு சொல்.

ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூழ்கிய பாறைமேல் நீர் வழிந்து விழுந்து, மடங்கித் திரும்பி, புணையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம். ‘குழி’ என்றால் நீரின் அசைவு தெரியவில்லை. ‘மடக்கு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். கடற்கரைப் பக்கத்து நண்பர்கள் யாராவது, அலை இப்படி மடங்கி இழுப்பதற்குத் தங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? காவிரிப் பக்கம் இருப்பவர்கள் பரிசல்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். கையேடு அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்