ஸ்டேடியத்தை இடிக்கணுமா? குடியிருப்போர் குரூப்

செல்வம்: கேலரி அடியில கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியுது. அதைக் காட்டித்தான் முழுசையும் இடிக்கணும்னு சொல்றாங்க. ஆய்வு அறிக்கையில ஹேமர் டெஸ்ட் (ஸ்பிரிங் சுத்தியலால மேற்பரப்பைத் தட்டி, எவ்வளவு துள்ளுதுன்னு பாக்கறது) மட்டும்தான் இருக்கு.

மீனாட்சி அக்கா: அது போதாது தம்பி. ஹேமர் மேல்தோலைத்தான் பாக்கும். கார்பனேஷன் ஆன, அதாவது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு ஏறின பழைய கான்கிரீட்ல மேற்பரப்பு கெட்டியாகி, ரீடிங் கூடக் காட்டும். அதை வச்சு நல்லாருக்குன்னும் சொல்லக்கூடாது, இடின்னும் சொல்லக்கூடாது. கோர் எடுக்கணும், அதாவது கான்கிரீட்டைத் துளைச்சு உருளையா எடுத்து அழுத்திச் சோதிக்கணும். 3 கோரோட சராசரி டிசைன் வலிமையில 85%க்குக் குறையக்கூடாது, தனியா எதுவும் 75%க்குக் கீழ போகக்கூடாது. புதுசா உடைச்ச முகத்துல பினாப்தலீன்ங்கற நிறங்காட்டியைத் தெளிச்சா, கம்பி வரைக்கும் இளஞ்சிவப்பு வராத இடத்துல காரத்தன்மை போயிடுச்சு, துருவுக்கு வழி திறந்திருக்கு.

ரஹீம்: ஹாஃப் செல் டெஸ்டும் கேளுங்க, கம்பியோட மின்னழுத்தத்தை அளந்து துரு ஓடுதான்னு பாக்கறது. காப்பர் சல்பேட் எலெக்ட்ரோடுல மைனஸ் 350 மில்லிவோல்ட்டை விட இன்னும் மைனஸா போனா, துரு ஓடிட்டிருக்க 90%க்கு மேல வாய்ப்பு. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் தனித்தனியா வரைபடம் வேணும். ஒரு ஸ்டாண்ட் கெட்டா மத்ததும் கெட்டதுன்னு அர்த்தமில்ல.

செல்வம்: ரெண்டு தடவை பூசியும் மறுபடி விழுதே?

ரஹீம்: மேல எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (கான்கிரீட் விரிஞ்சு சுருங்க விட்ட இடைவெளி) ஒழுகுதா பாருங்க, அதை அடைக்காம பூசினா வீண். பூசறப்போ கம்பிக்குப் பின்னாடியும் சுமார் 20 மில்லிமீட்டர் கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமா நீக்கணும். பூசின இடத்தைச் சுத்தி உப்பு ஏறின கான்கிரீட்டை அப்படியே விட்டுட்டா, அந்த ஒட்டுக்குப் பக்கத்துலயே புதுசா துரு கிளம்பும்.

ராணி: கூட்டம் வெளியேறுறதுதான் எனக்குப் பெரிய கவலை. படிக்கட்டுல 1 மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 66 பேர்தான் போக முடியும்னு கணக்கு. 1.2 மீட்டர் படிக்கட்டுல, 8 நிமிஷத்துக்குள்ள வெளியேறணும்னா சுமார் 630 பேர்தான். பழைய வாசல் அதுக்கு மேல தாங்காது.

மீனாட்சி அக்கா: சரியான கேள்வி ராணி. ஆனா அதுக்கும் இடிக்க வேண்டாம். சீட்டைக் குறைச்சு, சுமை தாங்காத சுவர் இருக்கிற இடத்துல வாசல் கூட்டலாம். முகப்பை மட்டும் வச்சுட்டு உள்ளே புதுசா கட்டறதுக்கு ஒத்துக்காதீங்க. சிகாகோவுல சோல்ஜர் ஃபீல்ட் ஸ்டேடியத்தை அப்படி மாத்தி 2003ல திறந்தாங்க. 2006ல தேசிய வரலாற்றுச் சின்னம்ங்கற அந்தஸ்தே போச்சு.

செல்வம்: அப்போ மனுவுல கோர் முடிவு, ஹாஃப் செல் வரைபடம், வெளியேறும் கணக்கு மூணும் கேக்கறேன். அது வர்ற வரைக்கும் டெண்டர் விடக்கூடாதுன்னும் சேத்துடறேன்.

ரஹீம்: கம்பி தெரியுற பே (ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கிற பகுதி) எல்லாத்துக்கும் கீழ முட்டு கொடுத்து, ஆளுங்க உட்காராம அடைக்கச் சொல்லி முதல் வரியிலயே எழுதுங்க.