சேலத்துத் துப்பறியும் தொடரில் ராஜாஜி வரலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
கனடா நாட்டுத் துப்பறியும் டிவி தொடர் 'மர்டாக் மிஸ்டரீஸ்' பார்த்ததிலிருந்து கை பரபரக்கிறது. 2008-ல் வந்த முதல் அத்தியாயத்திலேயே மின்சார விஞ்ஞானி நிகோலா டெஸ்லா வந்துவிடுகிறார், அதில் கொலையானவர் செத்தது மின்சாரம் பாய்ந்து என்பதால். அப்புறம் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலும் வருகிறார். அதேபோல 1903-ம் வருஷத்துச் சேலத்தில் நடக்கிற ஒரு தொடர் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் என் கற்பனை. கூடவே ராஜாஜி, 1900-ல் இங்கே தொழில் தொடங்கிய இளம் வக்கீல். ஆனால் அவர்மேல் சந்தேகத்தைக் கிளப்பினால் எடுபடாது. பின்னாளில் கவர்னர் ஜெனரல் ஆனவர் கொலை செய்திருப்பாரா என்று எங்கள் பாட்டியே சிரிப்பார். அப்படியானால் அவர் எதற்கு? வந்து முகம் காட்டிவிட்டுப் போகவா?

செவ்வாய்ப்பேட்டைவாசி:
நிஜமாகவே குற்றவாளிக் கூண்டில் நின்றவர் நம்ம ஊரில் உண்டே! சேலத்து வக்கீல் விஜயராகவாச்சாரியாருக்கு 1882 கலவர வழக்கில் பத்து வருஷம் தண்டனை போட்டார்கள். விடாமல் வழக்காடி வெளியே வந்தார், 1920-ல் காங்கிரஸ் தலைவரும் ஆனார். உங்கள் இன்ஸ்பெக்டர் அவசரப்பட்டு ஒருத்தனை உள்ளே தள்ளினால் முதலில் சீற வேண்டியவர் அவர்தான்.

சினிமா கிறுக்கன்:
மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தையும் சேருங்களேன்.

ஏற்காட்டு மிளகு:
அவர் ஸ்டுடியோ முப்பதுகளில் வந்தது தம்பி, 1903-க்கு எப்படி இழுப்பது? அந்த வருஷத்துக்கு எங்கள் மலையிலேயே ஆள் இருக்கிறார். ராபர்ட் புரூஸ் ஃபுட், நிலவியல் துறை அதிகாரி. 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார்.

இப்படி வையுங்கள். பிணத்தின் செருப்பில் வெள்ளைத் தூள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவன் என்று போலீஸ் முடிவு கட்டிவிடுகிறது. ஃபுட் ஒரு சொட்டு அமிலம் விடுகிறார். சுண்ணாம்புக்கல் என்றால் சர்ரென்று நுரைத்திருக்கும். இது சும்மா கிடக்கிறது. லேசாகச் சூடு காட்டியதும் நுரைக்கிறது. மாக்னசைட் என்கிற வெள்ளைக்கல்! ஆக, செத்தவன் கடைசியாக நடந்தது மலையடிவாரத்து வெள்ளைக்கல் மேட்டில். டெஸ்லாவுக்கு மின்சாரம் என்றால் இவருக்குக் கல். தன் தொழிலோடு வந்தால்தான் நிஜ மனிதருக்குக் கதையில் இடம். முகம் காட்ட வருகிறவரை வெட்டிவிடுங்கள், அது ராஜாஜியாகவே இருந்தாலும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
மிளகு அண்ணா, முதல் அத்தியாயம் ஃபுட்டுக்கே. ராஜாஜியை வெட்ட மனசு வரவில்லை, காளவாய் முதலாளியைக் குறுக்கு விசாரணை செய்ய வைக்கிறேன். அமிலக் குப்பியை மட்டும் இன்ஸ்பெக்டர் கையில் கொடுக்கலாமா? ஹீரோ சும்மா நிற்கிறாரே.

ஏற்காட்டு மிளகு:
வேண்டாம். அவர் விளக்கைப் பிடிக்கட்டும்.